அண்ணாச்சி, என் பேரை மூணாவதா போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவக் கல்லூரி ஆசிரியருக்குப் பதவி உயர்வு வேண்டுமென்றால் ஆய்வுக் கட்டுரை கட்டாயம் என்கிற விதியைப் பற்றி ஆளாளுக்கு எழுதுகிறார்கள், எல்லாரும் டாக்டர்கள். நான் டாக்டர் இல்லை. நாகர்கோவில் செட்டிகுளம் பக்கம் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடமாக எம்.டி. தீசிஸ் டைப் செய்து, பைண்டிங் போட்டுக் கொடுக்கிறேன், கூடவே அவர்களுடைய கட்டுரைகளையும் ஜர்னல் கேட்கிற அளவுக்கு வெட்டி ஒட்டித் தருகிறேன். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணி, ஷட்டரைப் பாதி இறக்கியாச்சு, போன் அடித்தது. "அண்ணாச்சி, என் பேரு நாலாவதா இருக்குல்லா, அதை மூணாவதா போட்டுருங்க. மூணாவதா இருக்கவர்ட்ட நான் பேசிட்டேன்." எந்தக் கல்லூரி மேடம் என்று சொல்ல மாட்டேன். கட்டுரை எழுதியவர்கள் பட்டியலில் மூன்றாம் இடத்துக்கு ஏன் இந்த மவுசு என்றால், 2015-இல் மெடிக்கல் கவுன்சில் முதல் இரண்டு பெயருக்குத்தான் மதிப்பு என்றது, 2020-இல் முதல் மூன்று பெயர் அல்லது கரஸ்பாண்டிங் ஆதர், அதாவது கட்டுரைக்காக ஜர்னலோடு கடிதப் போக்குவரத்து நடத்துகிறவர், என்றாக்கினார்கள், கவுன்சிலுக்குப் பதிலாக வந்த நேஷனல் மெடிக்கல் கமிஷனின் 2022 விதியிலும் அதுவே தொடர்ந்தது. நாலாவது பெயர்க்காரர் வார்டில் நின்று ரத்தம் எடுத்து, கணக்கெல்லாம் எழுதினவராகவே இருந்தாலும் பதவி உயர்வுக்கு அது உதவாது. மறுநாள் காலையில் பிரிண்ட் வாங்க வந்தது அந்தப் பழைய மூன்றாமவர்தான், பி.ஜி. படிக்கிற பையன். முதல் பக்கத்தைப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார். "எவ்வளவு ஆச்சு அண்ணாச்சி" என்றதோடு சரி.

அந்த மேடத்தையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான்கு வருடம் உதவிப் பேராசிரியராக இருந்து, கையில் இரண்டு கட்டுரை இருந்தால்தான் இணைப் பேராசிரியர் ஆகலாம். ஓ.பி., வகுப்பு, இன்ஸ்பெக்ஷன், நைட் டியூட்டி எல்லாம் போக மிச்ச நேரத்தில் என்ன ஆராய்ச்சி செய்ய முடியும்? அதனால் கைக்கு எட்டுகிற ஆட்களைப் பிடித்து ஒரு கூகுள் பாரத்தை நிரப்பச் சொல்வார்கள். முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கை கழுவுவது பற்றி எவ்வளவு தெரியும், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கண்தானம் பற்றி எவ்வளவு தெரியும் என்று நான் டைப் செய்ததற்குக் கணக்கே இல்லை. பாவம் அந்தப் பிள்ளைகள், பாடத்தைவிட பாரம்தான் அதிகம் எழுதியிருப்பார்கள். அப்புறம் ஒரே தீசிஸை இரண்டாகப் பிளந்து ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு கட்டுரை ஆக்குவதும் உண்டு, அதற்கு வேண்டிய டேபிளைப் பிரித்துக் கொடுத்த பாவம் என்னையும் சேரும்.

எந்த ஜர்னல் செல்லும் என்பதும் நிலையாக இல்லை. ஜர்னல்களைத் தொகுத்துப் பட்டியல் போடுகிற போலந்து நாட்டு இண்டெக்ஸ் கோபர்னிகஸ், பதவி உயர்வுக்குச் செல்லும் என்று 2015 விதியில் இருந்தது, 2020 விதியில் காணோம். நடுவில் எத்தனை பேர் அதை நம்பி ஜர்னல்களுக்குப் பணம் கட்டினார்களோ!

எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல் வேறொன்றில். ஒருமுறை ஒரு தீசிஸ் டைப் செய்யும்போது கருநாகப்பள்ளி ஆய்வு பற்றி ஒரு பாரா வந்தது. மணவாளக்குறிச்சியில் நாம் பார்க்கிறோமே, அதே கதிர்வீச்சு மணல் கேரளத்தில் அங்கேயும் உண்டு. 1990-இல் திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டர் அங்கே புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கி, ஏறத்தாழ 70,000 பேரைச் சராசரியாக 10 வருடத்துக்கு மேல் பின்தொடர்ந்து, அந்த மண்ணால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-இல்தான் கட்டுரை வெளியிட்டார்கள். அப்படி ஒரு வேலையை இங்கே ஒரு உதவிப் பேராசிரியர் தொடங்கினால் அவர் உதவிப் பேராசிரியராகவே ரிட்டையர் ஆவார். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டைத் தோலெண்ணெய் பட்டு விரல் வெந்துபோன அக்காமார், குலசேகரம் பக்கம் விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களின் இடுப்பு, குளச்சல் கடலில் வாரக்கணக்கில் தங்குகிறவர்களின் பிரஷர், எல்லாம் நம் மாவட்டத்திலேயே கிடக்கிறது. இருபது வருடத்தில் இதைப் பற்றி என் கடைக்கு வந்தது விரல்விட்டு எண்ணக்கூடியதுதான்.

இன்னொரு பக்கம், அனாடமி நடத்துகிற ஒரு சாரை எனக்குத் தெரியும். கலர் சாக்பீஸில் அவர் போர்டில் கை நரம்புகளை வரைவதை மற்ற பேட்ச் பிள்ளைகளும் வந்து நின்று போட்டோ எடுக்கிறார்கள். கட்டுரை எழுத அவருக்கு வராது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இன்று அவருக்கு மேலே இருக்கிறார்கள்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆராய்ச்சி முறை பற்றிச் சென்னை நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆப் எபிடெமியாலஜி நடத்துகிற ஆன்லைன் கோர்ஸ் நல்லது என்று படித்தவர்களே சொல்கிறார்கள், அது இருக்கட்டும். ஆனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பாதியில் நிற்கிற நீண்ட ஆய்வையும் கணக்கில் எடுங்கள், பாடம் நடத்துவதில் கெட்டிக்காரருக்கு அந்த வழியிலேயே மேலே போக இடம் கொடுங்கள். இதனால் என் கடை வருமானத்தில் பாதி போகும், வீட்டுக்காரி இப்போதே திட்டுகிறாள். பரவாயில்லை, கல்யாணப் பத்திரிகை அடித்துப் பிழைத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு டிடிபி கடைக்காரர், நாகர்கோவில்
(பெயர் போட வேண்டாம், வாடிக்கையாளர்கள் உங்கள் பத்திரிகை வாசிக்கிறவர்கள்)