தேங்காய் காய்க்கும் தென்னை

பெலோ ஒரிசோன்டே,
பிரேசில்.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

ஃபோனில் பேசும்போது பின்னால் கேட்ட பாட்டு இந்நாட்டுத் தேசிய கீதமா என்று கேட்டீர்கள். இல்லை அப்பா, அது ஒரு சாம்பா; இந்நாட்டின் ஆட்டத்துக்கேற்ற பாட்டு வகை. ஆனால் தேசிய கீதத்துக்குக் குறையாத பாசத்தோடு பாடுகிறார்கள். பெயர் 'அக்வரேலா டு பிரசில்', அதாவது பிரேசிலின் நீர்வண்ண ஓவியம். 1939இல் அரி பரோசோ எழுதி இசையமைத்தார். நாங்கள் இருக்கும் இதே மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், உபா என்ற ஊரில் பிறந்தவர்.

நாட்டுப்பற்றுப் பாட்டுதான்; ஆனால் படையும் பகைவனும் அதில் இல்லை. நிலா வெளிச்சம், தென்னையில் கட்டிய வலைத்தொட்டில், சாம்பா. தேங்காய் காய்க்கும் தென்னை என்று ஒரு வரி வரும். தென்னையில் வேறென்ன காய்க்கும் என்று அதைப் பழித்தவர்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வரியே அதுதான். நம் கொல்லைத் தென்னை காய்த்திருக்கிறதா என்று நானும் உங்களிடம் ஓயாமல் கேட்கிறேனே!

இறந்தகாலத்தின் திரையை விலக்கு, கறுப்புத் தாயை வெளியே அழைத்து வா, காங்கோ மன்னனை விழாவில் நிறுத்து என்றும் பாடுகிறார். எசமானர்களின் பிள்ளைகளுக்குப் பாலூட்டிய அடிமைப் பெண்தான் அந்தத் தாய். இங்கே அடிமைமுறை ஒழிந்தது 1888இல்தான். அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசி. காங்கோ மன்னனை நானே பார்த்தேன். அக்டோபரில் ஜெபமாலை மாதா திருவிழாவில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் முரசு முழங்க மன்னருக்கும் அரசிக்கும் முடிசூட்டி ஊர்வலம் வந்தார்கள். மன்னராக வந்த முதியவரின் நடையில் இருந்த கம்பீரத்தை என்னால் எழுத முடியவில்லை. அதன்பின் அந்த வரியைக் கேட்டால் கண் கலங்கிவிடுகிறது. ஆனால் திரையை விலக்கச் சொன்னவர், அதற்குப் பின்னால் இருந்த சவுக்கைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அது என்னை உறுத்துகிறது.

இந்தப் பாட்டு வந்தபோது நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர் ஜெதூலியோ வர்காஸ் என்ற சர்வாதிகாரி. நாட்டைப் புகழும் சாம்பாக்கள் அவருடைய அரசுக்கு வேண்டியிருந்தன. அதனால் இதை ஆட்சியாளர்களின் பாட்டு என்று ஒதுக்குவோரும் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. வர்காஸின் ஆட்சி போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன. என் பக்கத்து வீட்டுப் பாட்டி இன்றும் துணி உலர்த்தும்போது இதைத்தான் முணுமுணுக்கிறார்.

முதன்முதலில் பிரான்சிஸ்கோ அல்வெஸ் பாடிய பதிவைத் தம்பியின் ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறேன். சாம்பாவுக்குப் பந்தேய்ரோ என்று ஒன்று வாசிப்பார்கள். நம் கஞ்சிராவைப் போல ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டுவது. தாளம் உங்களுக்குப் பிடிபடும். கேட்டுவிட்டு எழுதுங்கள். அம்மாவை வெயிலில் நடக்க விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்