யோகி கரடியின் காலர்

அன்புள்ள மகன் செழியனுக்கு,

நலம், நலமறிய ஆவல். சென்ற ஞாயிறு பேசும்போது, நீ பார்க்கும் ஜப்பானிய அசைபடங்களைக் கார்ட்டூன் என்று நான் வாய்தவறிச் சொல்லிவிட, "அம்மா, அது அனிமே, கார்ட்டூன் வேறு" என்று சற்றுக் கோபமாகவே திருத்தினாய். முப்பது ஆண்டுகள் ஓவிய ஆசிரியையாக இருந்தவளுக்கு அதை அப்படியே ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

ஜப்பானியர்கள் தங்கள் பேச்சில் டிஸ்னி படத்தையும் அனிமே என்றே சொல்கிறார்கள்; அந்தப் பெயரை ஜப்பானியப் படங்களுக்கு மட்டும் ஒதுக்கியது வெளிநாட்டு ரசிகர்கள்தாம். நீ அடையாளமாகச் சொல்லும் பெரிய கண்களும் கடல் கடந்து போனவையே. ஜப்பானியச் சித்திரக்கதை ஓவியர் ஒசாமு தெசுகா, அமெரிக்கர்களான டிஸ்னியின் படங்களையும் பிளெய்ஷர் சகோதரர்களின் கார்ட்டூன்களையும் பார்த்துப் பார்த்துக் கை பழகியவர்.

அவருடைய 'அஸ்ட்ரோ பாய்' 1963 ஜனவரி 1 அன்று தொலைக்காட்சியில் தொடங்கியபோது, வாரந்தோறும் அரைமணி நேர நிகழ்ச்சியைச் சொற்பப் பணத்தில் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. படச்சுருளில் நொடிக்கு 24 பிரேம்கள், அதாவது தனித்தனிக் கட்டங்கள், ஓடும். டிஸ்னியில் பெரும்பாலும் ஒரு படத்தை இரண்டு பிரேம்களுக்கு வைத்து நொடிக்கு 12 படங்கள் வரைவார்கள். வேகமான அசைவென்றால் 24 படங்களும் வரைவதுண்டு. தெசுகாவின் ஸ்டுடியோவிலோ ஒரே படத்தை மூன்று பிரேம்களுக்கு நிறுத்தினார்கள். முகம் அப்படியே இருக்க வாய் மட்டும் அசையும். ஒருமுறை வரைந்த காட்சியைப் பத்திரப்படுத்தி வேறு அத்தியாயங்களிலும் எடுத்துப் போட்டார்கள்.

ஜப்பானிய பாணி என்று நீ கொண்டாடுவதில் பாதி இந்தச் சிக்கனத்தில் பிறந்தது. அந்தச் சிக்கனமும் அவர்களுக்கு மட்டும் உரியதன்று. 1958-இல் அமெரிக்க கார்ட்டூன் ஸ்டுடியோ ஹன்னா-பார்பெரா உருவாக்கிய யோகி கரடிக்குச் சட்டையே கிடையாது, ஆனால் கழுத்தில் காலரும் டையும் இருக்கும். ஏன் அப்படி என்று ஏழு வயதில் நீ கேட்டாய். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. உடம்பை அசையாமல் ஒரு தாளில் வைத்துவிட்டுத் தலையை மட்டும் மாற்றி மாற்றி வரையும்போது, ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல் மறைப்பதற்குத்தான் அந்தக் காலர்.

இன்னொன்றும் கேள். 1987-இல் வந்த டிஸ்னியின் 'டக் டேல்ஸ்' தொடரில் பல அத்தியாயங்களை வரைந்தது டோக்கியோ மூவி ஷின்ஷா என்ற ஜப்பானிய ஸ்டுடியோ. மறு ஆண்டு வந்த, நீ தலையில் தூக்கிவைத்து ஆடும் 'அகிரா' படத்தை வரைந்ததும் அதே ஸ்டுடியோதான்.

வேறுபாடே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. நீ காட்டிய இடத்தில் அது இல்லை என்கிறேன். அமெரிக்காவில் முதலில் குரலைப் பதிவு செய்து, அதைக் கேட்டபடியே உதட்டையும் உடம்பையும் வரைவது வழக்கம். ஜப்பானில் பெரும்பாலும் படம் முதலில் வரும், நடிகர் பின்னால் வந்து அசையும் வாய்க்குக் குரல் கொடுப்பார். ('அகிரா' இதற்கு விலக்கு, வசனங்களை முன்கூட்டியே பதிவு செய்தார்கள்.) ஆகவே அமெரிக்காவில் ஓவியரே நடிகராகித் தோளிலும் விரலிலும் நடிக்க, ஜப்பானில் அசையாத முகத்தின் பாரத்தைக் குரல் சுமக்கிறது. கண்ணின் அளவைவிட இதுவே பெரிய வேறுபாடு என்பது என் எண்ணம்.

நேற்றிரவு, நீ விட்டுப்போன 'டோட்டோரோ' என்ற ஜப்பானியப் படத்தைத் தனியே போட்டுப் பார்த்தேன். மழையில், தூங்கும் தங்கையை முதுகில் சுமந்தபடி அக்கா பேருந்துக்குக் காத்து நிற்கிறாள். தலையில் ஓர் இலையோடு அந்தப் பெரிய உருவம் பக்கத்தில் வந்து நிற்கிறது. அவள் கொடுத்த குடையின்மேல் ஒரு சொட்டு விழுகிறது, பிறகு இன்னொன்று. திரையரங்குக்கென்றே எடுத்த அப்படத்தில் வாராந்தரத் தொடரின் அவசரம் கிடையாது. இருந்தும் நெடுநேரம் ஏறக்குறைய ஒன்றுமே அசைவதில்லை. முன்பு நீ இதைக் காட்டியபோது, "பஸ் எப்போதடா வரும்?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், நீயும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாய். நேற்று நான் கேட்கவில்லை.

பொங்கலுக்கு வரும்போது 'அகிரா'வைக் கொண்டுவா.

அன்புடன்,
அம்மா