கொஞ்சம் எச்சில் போதும்னா ஊசி எதுக்கு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நாங்க தாராவி 90 அடி ரோடு பக்கம் இருக்கோம். என் பொண்ணுக்கு ஆறு வயசு, மூணு வயசுலேர்ந்து ஃபிட்ஸ் வருது, ஃபெனிடாயின் சிரப் குடுக்கிறோம். போன மாசம் பிள்ளை தள்ளாடித் தள்ளாடி நடக்குறான்னு டீச்சர் போன் பண்ணாங்க, கண்ணும் ஒரு மாதிரி ஆடுச்சு, டாக்டர் உடனே மருந்து லெவல், அதாவது ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு பாருங்கன்னுட்டாரு. லேப்ல நரம்பு கிடைக்கலைன்னு மூணு தடவ குத்துனாங்க, கால நான் புடிக்க கைய எங்க வீட்டுக்காரரு புடிக்க, அவ போட்ட சத்தம் வெளிய டோக்கன் வாங்கி நின்னவங்களுக்கே கேட்டுருக்கும். இப்ப மெடிக்கல் ஷாப்புக்குள்ள கூட வரமாட்டேங்குறா.

ரிப்போர்ட்ல 20க்கு மேல இருந்துச்சு, ஒரு மில்லிக்கு 10லேர்ந்து 20 மைக்ரோகிராம்தான் இருக்கணுமாம். காரணம் என்னன்னு பாத்தா, எங்க மாமியார் பாட்டில குலுக்காமயே ஊத்திருக்காங்க. மருந்து அடியில படிஞ்சு, மேல இருந்தவரைக்கும் தண்ணி மாதிரி போயிருக்கு, கடைசில கெட்டியா இறங்கிருக்கு. (வீட்ல இந்த சிரப் இருந்தா தயவுசெஞ்சு நல்லா குலுக்கிட்டு ஊத்துங்க.) அதனால லெவல் பாக்குறதே வேணாம்னு நான் சொல்லவே இல்ல. இந்த மருந்துல கொஞ்சூண்டு டோஸ் ஏத்துனாலே லெவல் எகிறிடுமாம், பாத்துதான் ஆகணும்.

ஆனா அத எச்சில்லயே பாக்கலாம்னு டாக்டரே சொன்னாரு, 1970கள்லயே இத ஆராய்ச்சி பண்ணிட்டாங்களாம். ரத்தத்துல இந்த மருந்து நூத்துக்கு தொண்ணூறு பங்கு புரோட்டீன்ல ஒட்டிக்கிட்டு சும்மா கிடக்கும், மீதி பத்து பங்குதான் மூளைக்குப் போய் வேலை செய்யும், எச்சில்ல வர்றதும் அந்தப் பத்துதான். கார்பமசெபைன், லாமோட்ரிஜின்னு வேற ஃபிட்ஸ் மருந்துங்களுக்கும் பாக்கலாமாம், வால்ப்ரோயேட்ங்குற ஃபிட்ஸ் மருந்துக்கு எச்சில் கணக்கு ஒத்து வராதாம். காலைல மருந்து குடுக்குறதுக்கு முன்னாடியே எடுத்துடணும், இல்லன்னா வாயில ஒட்டுன சிரப்பே லெவல ஏத்திக் காட்டிடும். ஈறுல ரத்தம் கசிஞ்சாலும் கணக்கு தப்பும், இந்த மருந்துக்கு ஈறு வேற வீங்கும், அதையும் பாத்துக்கணும். இவ்வளவுதான், ஒரு சின்ன டப்பால துப்பச் சொன்னா பிள்ளை சிரிச்சுக்கிட்டே துப்பிடும்.

நான் போய் கேட்டதுக்கு லேப்ல இருந்த பையன் "கோவிட் டெஸ்டா மேடம்?"ங்குறான்! ரத்தத்த விட எச்சில்ல அளவு கம்மியா இருக்கும், அதுக்குத் தகுந்த மாதிரி மெஷின சரிபாத்து வெக்கணும், சின்ன லேப்கள குறை சொல்லல. மருந்து லெவல் பாக்குற பெரிய ஆஸ்பத்திரிங்களாவது பிள்ளைங்களுக்கு இத ஆரம்பிக்கக் கூடாதா? தினம் தினம் வலிப்பு மாத்திரைக்கு எத்தனை பிள்ளைங்க அங்க லைன்ல நிக்குது. நீங்க பேப்பர்ல எழுதுனா நாலு பெரியவங்க கண்ணுல படும்.

அடுத்த லெவல் தீபாவளி கழிச்சுப் பாக்கணும்னு சீட்டுல எழுதிருக்கு. அவகிட்ட இன்னும் சொல்லல.

இப்படிக்கு
ஒரு அம்மா, தாராவி, மும்பை