கோப்பை கழுவியவர்களின் கணக்கு

அன்பு மகளுக்கு,

அறுபதுகளில் இலங்கையிலிருந்து வெளிநாடு போன நம்மவர் எல்லாரும் டொக்டர், எஞ்சினியர் என்றும், எண்பதுகளிலிருந்து போனவர்கள் படிப்பு ஏறாதவர்கள் என்றும் ரொறொன்ரோவில் ஒரு விருந்தில் யாரோ சொன்னதையும், சித்தப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனதையும் நீ தொலைபேசியில் சொன்ன நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. வாயால் பதில் சொன்னால் கோபந்தான் முந்தும் என்பதால் எழுதுகிறேன்.

பெரியப்பா 1969இல் லண்டனுக்குப் போனார். 1962ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்குப் பின், பொதுநலவாய நாட்டவருக்கான வேலை அனுமதியைப் பிரித்தானியா அளந்தே கொடுத்தது. 1965 முதல், வேலையொன்றைக் கையில் வைத்திராதவர்களில் மருத்துவர், பொறியியலாளர் போன்ற தகுதியுடையோருக்கே அது கிடைத்தது. பட்டம் இல்லாதவனுக்கு அந்த வாசல் அநேகமாக மூடியே இருந்தது. ஆகவே உள்ளே போனவர்கள் எல்லாரும் படித்தவர்களாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வாசல் மாறியது. உயிருக்கு அஞ்சி ஓடுகிறவனிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை, காசு இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். உயர்தரப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கையில், 1985இல், சித்தப்பாவுக்காக உன் அப்பப்பா எட்டுப் பரப்புக் காணியை ஈடு வைத்தார். போதாததற்கு அப்பம்மாவின் காப்பு அடைவுக்குப் போயிற்று. ஏஜென்சிக்காரன் அவனைக் கிழக்கு பெர்லினுக்கு விமானத்தில் அனுப்பினான். அங்கிருந்து நகர ரயிலில் ஏறி மேற்கு பெர்லினில் இறங்கி அகதியாகப் பதிந்தான். அன்று பலரும் போன வழி அதுதான். மாதா மாதம் வட்டி ஏறிக்கொண்டிருக்க, மொழி படித்துப் பரீட்சை எழுத யாருக்கு அவகாசம்? கோப்பை கழுவினால் வெள்ளிக்கிழமையே காசு கிடைத்தது. முதல் மூன்று ஆண்டுகள் அவன் உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்வழியாக, அனுப்பியதெல்லாம் கடனுக்கே போயிற்று. அதன் பிறகுதான் என் திருமணமும், பின்னர் உன் பல்கலைக்கழகச் செலவும்.

அந்தக் காணியும் இல்லாதவர்களின் கதை வேறு. நம் தோட்டத்தில் வெங்காயம் கிண்ட வந்த குடும்பம் மன்னாரிலிருந்து படகேறி இராமேசுவரத்தில் இறங்கி, தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போயிற்று. படகுக் கூலி மட்டுந்தான் அவர்களால் முடிந்தது. மேற்கு நாடுகளுக்குப் போனவனுக்கும் மண்டபத்துக்குப் போனவனுக்கும் இடையில் இருந்தது மூளை வித்தியாசமா, ஈடு வைக்கக் காணி இருந்ததா என்ற வித்தியாசமா என்று விருந்தில் பேசியவரை ஒருமுறை யோசிக்கச் சொல். மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போகிறவர்களுக்கோ பெரும்பாலும் செலவே இல்லை. கையில் முற்பணம் கொடுத்து அழைத்துப் போகிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற பெண்கள் அங்கே கூடுதலாகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒன்றை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஒருவன் போய் நிலைத்துவிட்டால் அடுத்தவனுக்குச் செலவு பாரமாக இருப்பதில்லை. அண்ணன் பாரிசிலிருந்து கட்டுவான் என்ற நம்பிக்கையில் பெடியன்கள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். என் கணித வகுப்பிலேயே கடைசி வாங்கு அப்படித்தான் காலியானது.

2022இல் 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் மூன்று மாதத்துக்குள் 360ஐத் தொட்டபோது நிலைமை மறுபடி திரும்பியது. அந்த ஆண்டு 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்கென்று நாட்டைவிட்டுப் போனார்கள். படிக்கப் போக நினைத்த கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கோ, வங்கியில் காட்ட வேண்டிய தொகையே மலையாகிவிட்டது. 2024 ஜனவரியில் கனடா அதை 10,000 கனேடிய டொலரிலிருந்து 20,635ஆக உயர்த்தியது. நம் காசில் 40 இலட்சத்துக்கு மேல். மூன்று ஏ எடுத்த ஒரு பிள்ளை இங்கே கடையில் பில் போடுகிறாள். அவளைவிடக் குறைந்த புள்ளி எடுத்தவன், மாமா கனடாவில் இருப்பதால் விமானம் ஏறிவிட்டான்.

சித்தப்பாவின் இரசாயனவியல் கொப்பி என் அலுமாரியில்தான் இருக்கிறது. கடைசியாக எழுதிய பாடத்தில் ஒரு சமன்பாடு பாதியில் நிற்கிறது. அடுத்த மாதம் வருகிறவர்களிடம் கொடுத்துவிடவா என்று அவனிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா