ஊருக்கு ஒரு கிணற்றையாவது விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் ஊர் நல்லதண்ணிக் கிணற்றை மண் கொட்டி மூடிவிட்டார்கள். ஜேசிபி வந்தது, அரை நாளில் வேலை முடிந்தது. நான் பிறந்த வருடத்துக்கு முன்பே வெட்டிய கிணறு அது, என் அம்மா விடியற்காலையில் எழுந்து வரிசையில் நின்று தண்ணி சேந்திய கிணறு, அதன் கல் விளிம்பில் கயிறு தேய்த்த பள்ளங்களில் விரலை வைத்துப் பார்ப்பது சின்ன வயதில் எனக்கு ஒரு விளையாட்டு. கேட்டால், "டீச்சர், குப்பைதான் கிடக்குது, யாரு அதுல தண்ணி எடுக்குறாங்க?" என்கிறார்கள். எடுக்கவில்லைதான். ஆனால் இதே நிலைமையில் இருந்த ஒரு கிணற்றை வேறொரு ஊர்க்காரர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று நேரில் பார்த்துவிட்டு வந்தவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் மகள் இங்கிலாந்தில் ரெடிங் நகரத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடம் முன்பு அங்கே போயிருந்தபோது, "அம்மா, உனக்குப் பிடிச்ச மாதிரி ஒரு இடம் இருக்கு" என்று காரில் கூட்டிப் போனாள். ஆக்ஸ்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில், சில்டர்ன் குன்றுகளின் மேலே, ஸ்டோக் ரோ என்று ஒரு கிராமம். ஆயிரம் பேர்கூட இருக்க மாட்டார்கள். சுற்றிலும் பீச் என்ற ஒருவகை மரங்களின் காடு. அந்தக் காலத்தில் அந்த மரத்தில் நாற்காலிக் கால்களும் கூடார முளைகளும் செய்தே பல குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன. ஒரு பலசரக்குக் கடை, ஒரு ஆரம்பப் பள்ளி, 1846-இல் கட்டிய சிறிய தேவாலயம், ஊர்க்கூடம், இரண்டு பழைய பப்கள், அவ்வளவுதான் ஊர். நம் பக்கத்துக் குக்கிராமங்களோடு ஒப்பிட்டால் வசதி அதிகம்தான், ஆனாலும் கார் ஒரு நிமிடத்தில் கடந்துவிடும் ஊர். அப்படிப்பட்ட ஊரின் சாலையோரத்தில் இரும்புத் தூண்கள் மேல் குவிமாடம் வைத்த ஒரு மண்டபம், உள்ளே தங்க நிறத்தில் ஒரு யானை! நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அதற்கு மகாராஜா கிணறு என்று பெயர். கட்டிக்கொடுத்தவர் காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங். நம் நாட்டிலிருந்து எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனார்கள் என்றுதான் நான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன், அது உண்மையும்கூட. ஆனால் இங்கிருந்து ஒருவர் அந்த ஊர் ஏழைகளின் தாகத்துக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தார் என்பதை அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.

கதை இதுதான். சில்டர்ன் குன்றுகள் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நேராக அடி ஆழத்துக்கு இறங்கிவிடும், மேலே நிற்காது. களிமண் குட்டைகளில் தேங்கிய கலங்கல் நீரைத்தான் ஜனங்கள் எடுத்துக் குடித்தார்கள், கோடையில் அதுவும் கிடையாது. அந்தப் பக்கத்து இப்ஸ்டன் ஊர்க்காரர் எட்வர்டு ஆண்டர்டன் ரீட் என்ற அதிகாரி வட இந்தியாவில் பல காலம் வேலை பார்த்தவர். 1831-இல் அசம்கர் பகுதியில் ஜனங்களுக்காக ஒரு கிணறு வெட்டிக் கொடுத்திருக்கிறார். மகாராஜாவோடு பேசிக்கொண்டிருந்தபோது தன் சொந்த ஊர்ப்பக்கம் தண்ணிக்குப் படும் பாட்டைச் சொல்லி, வீட்டில் இருந்த கடைசித் தண்ணியைக் குடித்துவிட்டான் என்பதற்காக ஒரு சின்னப் பையனை அவன் அம்மா அடித்த கதையையும் சொன்னாராம். மகாராஜா அதை மறக்கவே இல்லை. பிறகு இங்கிலாந்துக்கு ஏதாவது தர்மம் செய்ய வேண்டும் என்று நினைத்தபோது அந்தப் பையன்தான் அவர் நினைவுக்கு வந்திருக்கிறான்.

நானும் தண்ணிக்காக அடி வாங்கியிருக்கிறேன். குடம் இடுப்பிலிருந்து நழுவி வாசலில் உடைந்த நாள் அது. அந்தக் கதையைக் கேட்டதும் அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் என்மேல் இல்லை, மறுபடியும் வரிசையில் போய் நிற்க வேண்டுமே என்பதில்தான்.

1863-இல் தோண்ட ஆரம்பித்து, 1864 மே 24 அன்று, விக்டோரியா ராணியின் பிறந்த நாளில், கிணற்றைத் திறந்தார்கள். ஆழம் 368 அடி, அகலம் 4 அடி. இன்றைக்கு நம் மாவட்டத்தில் ஆயிரம் அடிக்கு போர் போடுகிறோம், 368 என்ன பெரிதா என்று தோன்றும். ஆனால் அது முழுக்க ஆள் இறங்கிக் கையால் வெட்டியது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி, அதைத் தலைகீழாக இறக்கினாலும் இன்னும் 150 அடி மிச்சம் இருக்கும். 4 அடி அகலத்தில் உள்ளே இறங்கி மண்வெட்டியைத் தூக்கக்கூட இடம் இருந்திருக்காது. யானையைப் பிறகு, 1871-இல்தான் வைத்தார்கள்.

என் மனதில் நின்றது ஆழம்கூட இல்லை. கிணற்றை வெட்டியதோடு விடாமல், அதைப் பராமரிக்க வழியும் செய்திருக்கிறார்கள். பக்கத்திலேயே நிலம் வாங்கி செர்ரித் தோட்டம் வைத்தார்கள், அந்தப் பழம் விற்ற காசு கிணற்றின் செலவுக்கு. காவல்காரருக்கு எண்கோண வடிவில் ஒரு குட்டி வீடு. பொறுப்பைப் பார்க்க அறங்காவலர்கள். ஜனங்களுக்குத் தண்ணீர் இலவசம். நம் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு ஊர்க்கிணற்றுக்கு என்று ஒரு மாந்தோப்பை எழுதி வைத்தால் எப்படியோ அப்படி. இது நமக்குத் தெரியாத வழக்கமும் இல்லை, ஏரியைப் பராமரிப்பவருக்கு என்று நிலம் ஒதுக்கி ஏரிப்பட்டி என்று கல்வெட்டில் பொறித்து வைத்தவர்கள் நம் முன்னோர்.

குழாய்த் தண்ணீர் வந்த பிறகு அங்கேயும் அந்தக் கிணற்றில் யாரும் தண்ணீர் எடுப்பதில்லை. ஆனாலும் மூடவில்லை. 1964-இல் நூற்றாண்டு விழா வைத்தார்கள், எலிசபெத் ராணியின் கணவர் பிலிப் இளவரசர் வந்திருக்கிறார், காசியிலிருந்து கங்கை நீர் கொண்டுவந்து கிணற்றில் ஊற்றியிருக்கிறார்கள். நான் போனபோது மண்டபம் நேற்றுப் பெயின்ட் அடித்த மாதிரி இருந்தது. யார், எப்போது, எதற்காகக் கட்டினார்கள் என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் ஊருக்கு வருகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது, ஜப்பான் கடனுதவியோடு. அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பல்லில் மஞ்சள் கறையோடுதான் சிரிப்பார்கள், வாயைக் கையால் மூடிக்கொண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது, நம் பாறைக்குள் இறங்கிய போர் தண்ணியில் பல இடத்தில் அதற்கு மேல்தான். கல்யாணப் பேச்சு பல்லைப் பார்த்து நின்றுபோன வீடுகள் எனக்குத் தெரியும். அதனால் பழையபடி கிணற்றுத் தண்ணியைக் குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. குழாய் வந்துவிட்டது, கிணறு எதற்கு என்று கேட்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

குழாய்த் தண்ணி வராத நாளில் மாட்டுக்கும் துணி துவைக்கவும் என்ன செய்கிறோம்? லாரித் தண்ணிக்குக் காசு கொடுக்கிறோம். தூர்வாரிய கிணறு மழைநீரை உள்ளே வாங்கும், மண் கொட்டிய கிணறு எதை வாங்கும்? பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்பது நியாயமான பயம். அதற்கு நெஞ்சளவு கைப்பிடிச் சுவரும் மேலே இரும்புக் கம்பி வலையும் போதும், மூடுவதற்கு ஜேசிபிக்குக் கொடுத்த வாடகையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் முடிகிற வேலை.

அப்புறம் இன்னொன்று. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நடுகல் நட்டு ஆயிரம் வருடத்துக்கு மேல் காப்பாற்றிய மண் இது. ஆனால் எங்கள் கிணற்றை யார் வெட்டினார்கள் என்று ஊரில் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. பாறையை உடைக்க வந்த போயர்கள் எந்த ஊர்க்காரர்கள், கூலி காசா கேழ்வரகா, எத்தனை கோடை ஆயிற்று, எதுவும் தெரியாது. என் அத்தை ஒருத்திக்கு மட்டும் கொஞ்சம் ஞாபகம் இருந்தது, அவளும் போய்விட்டாள்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தில் கிராமசபைக் கூட்டம் நடக்கிறது. அன்றைக்கு ஒவ்வொரு ஊராட்சியிலும் யாராவது ஒருவர் எழுந்து, நம் ஊரில் எத்தனை பொதுக்கிணறு இருந்தது, இப்போது எத்தனை மிச்சம் என்று கேளுங்கள். மிச்சம் இருப்பதில் ஒன்றையாவது தூர்வாரிக் கம்பி போட்டு, பக்கத்தில் ஒரு பலகையில் அதன் கதையை எழுதி வைக்கச் சொல்லித் தீர்மானம் போடுங்கள். பள்ளிப் பிள்ளைகளை அனுப்பிக் கிழவன் கிழவிகளிடம் அந்தக் கதையைக் கேட்டு எழுதச் சொல்லலாம், எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள். உங்கள் பத்திரிகையும் வாரம் ஒரு ஊர்க்கிணறு என்று இரண்டு மாவட்டத்திலிருந்தும் வெளியிட்டால், முதல் வாரத்துக்கு எங்கள் தெருவின் இன்னொரு முனையில் இன்னும் மூடாமல் இருக்கும் கிணற்றைப் பற்றி நான் எழுதி அனுப்புகிறேன். அதற்குப் பக்கத்தில் ஒரு புங்கமரம் இருக்கிறது, படம் எடுக்க வருகிறவர் காலையில் வந்தால் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்