தங்கச்சி, படிவத்தில் அதை முதலில் போடு

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிவு வந்ததிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள் என்று உன் அம்மா, என் சித்தி, போனில் சொன்னார். எங்க அப்பாவுக்கு நீ டீச்சராக வேண்டும். மாமாவுக்கு பேங்க். நீ பிரயோகக் கணினியியல் என்று சொன்னதும், "கம்ப்யூட்டர் படிச்சிட்டு தோட்டத்துல என்னத்த செய்யப் போற?" என்று யாரோ கேட்டார்களாம். உனக்குப் பதில் வரவில்லையாம். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம். மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கங்களில், ஹட்டனிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு இருக்கும் பிள்ளைகளும் வாசிக்கட்டும் என்று எல்லாரும் பார்க்கும்படியே எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகப் படிவத்தில் பிரயோகக் கணினியியலை முதலில் போடு.

கணினி விஞ்ஞானம் எதைக் கணிக்க முடியும், எவ்வளவு வேகமாகக் கணிக்க முடியும் என்று ஆராய்கிறது. பிரயோகக் கணினியியலிலும் அந்த அடிப்படை உண்டு, ஆனால் அது ஒரு மனிதர் செய்யும் வேலையிலிருந்து தொடங்குகிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே தடுக்குகிறது, யாருக்கு நட்டம் என்று பார்த்த பிறகுதான் நிரல் எழுத உட்கார வேண்டும். நான் கொழும்பில் இந்தத் தொழிலில் இருக்கிறேன். இங்கே கெட்டுப்போகும் மென்பொருள்களில் பல கோட் பிழையால் கெடுவதில்லை, எழுதியவருக்கு அந்த வேலை தெரியாததால் கெடுகின்றன. உனக்கோ ஒரு வேலை பிறந்ததிலிருந்தே தெரியும்.

தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் மடுவத்தையே எடுத்துக்கொள். தோட்டத்தைப் பார்த்திராத மாணவரிடம் "கொழுந்து நிறுவைக்கு ஒரு தரவுத்தளம் செய்" என்றால் பெயர், திகதி, கிலோ என்று ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்துவிடுவார். நீ அப்படிச் செய்ய மாட்டாய். சித்தி ஒரு நாளில் ஒரு தடவையா நிறுக்கிறார்? காலையில் ஒரு மலையில் (தேயிலை வளரும் ஒரு பகுதி), பகலுக்குப் பிறகு இன்னொரு மலையில். ஆக நிறுவை தனி அட்டவணை, மலை தனி அட்டவணை. ஒரே டிவிசனில் மாரியாயி என்று மூன்று பேர் இருப்பார்கள், அதனால் பெயர் முதன்மைச் சாவி, அதாவது ஒருவரை மட்டுமே குறிக்கும் அடையாளம், ஆகாது. செக்ரோல் (தோட்டத்தின் பெயர்ப் பதிவேடு) நம்பரைப் போடலாமா? டிவிசன் மாறினால் அதுவும் மாறலாம், அதையும் யோசிக்க வேண்டும். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். கூடிய கிலோவுக்கு வேறு காசு. கொந்தரப்பு (ஒப்பந்த வேலை) என்றால் கணக்கே வேறு. ஒவ்வொன்றும் ஒரு புலம், ஒரு விதி, ஒரு தொடர்பு. பல்கலைக்கழகத்தில் தேவைகளைத் திரட்டுவது எப்படி என்று ஒரு பாடமாகவே வைத்துச் சொல்லித் தருவார்கள். அந்தப் பாடத்துக்கு வேண்டிய பாதி உனக்கு மடுவத்திலேயே கிடைத்துவிட்டது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது கழிவு. கூடைக்கு என்றும், கொழுந்து ஈரம் என்றும் கிலோவில் கழிப்பார்கள் இல்லையா? ஒரு மென்பொருளில் கழித்த பிறகு வரும் எண்ணை மட்டும் பதியலாம். நிறுத்த எடை, கழித்த எடை, கழித்த காரணம் என்று மூன்றையும் தனித்தனியாகப் பதிந்து, கொழுந்து எடுத்தவர் கையில் அப்போதே ஒரு துண்டு வரும்படியும் செய்யலாம். இரண்டுக்கும் கோட் எழுத ஏறக்குறைய ஒரே நேரம்தான் எடுக்கும். முதலாவதில் சித்தி கேள்வி கேட்க வழியே இல்லை. இரண்டாவதில் சம்பள நாளில் துண்டுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்து, நியாயம் கேட்கலாம். சில தோட்டங்களுக்கு டிஜிட்டல் தராசு வந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஓடும் மென்பொருளை யாரோ ஒருவர் எங்கேயோ உட்கார்ந்து எழுதுகிறார். மடுவத்தில் கூடையோடு வரிசையில் நின்ற வீட்டுப் பிள்ளை அந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

சம்பளத்துக்கு வருவோம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8, தொழில்தருநரிடமிருந்து 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் இன்னும் 3. இந்தக் கணக்கை மிதவைப் புள்ளி எண்ணில் போடாதே. பைதன் நிரல்மொழியில் 0.1 + 0.2 என்று கொடுத்துப் பார், 0.30000000000000004 என்று வரும். பத்தடிமானத்தில் மூன்றில் ஒன்று முடியாமல் நீள்கிறது அல்லவா, 0, 1 மட்டும் கொண்ட துவித எண்ணில் பத்தில் ஒன்றும் அப்படித்தான். கணினி ஓர் இடத்தில் வெட்டித்தான் வைத்துக்கொள்ளும். அந்தச் சின்ன வித்தியாசம் ஓர் ஆளின் சம்பளக் கணக்கில் தெரியாது. ஆனால் ஆயிரம் பேரின் மாதக் கணக்கைக் கூட்டி ஒப்பிடும்போது ஒரு சதம் இடிக்கலாம், எங்கே இடிக்கிறது என்று தேடி அலைய வேண்டி வரும். காசுக்குத் தசம வகையைப் பயன்படுத்து, அல்லது சதத்தை முழு எண்ணாக வை. துவித எண்ணை நீ ஏ.எல்.லிலேயே படித்துவிட்டாய், ஆகையால் உனக்கு இது புதுசில்லை.

அப்புறம் பெயர். நம்ம அப்பாயி பேர் பிறப்புச் சான்றிதழில் முத்துலெட்சுமி, அடையாள அட்டையில் முத்துலட்சுமி, செக்ரோலில் முத்துலச்சுமி. சேமலாப நிதிப் பணம் எடுக்கப் போன இடத்தில் "இது மூன்றும் ஒரே ஆளா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் காசு கைக்கு வருவதற்குள் அவர் டவுனுக்கு ஏறி இறங்கியதை நீயும் பார்த்தாய். நம்ம பக்கத்தில் எத்தனையோ வீட்டில் இதே கதைதான். இந்தப் பெயர்களில் பலவற்றைத் தமிழ் தெரியாதவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள்.

கணினி இந்தச் சிக்கலை இன்னும் கூட்டவும் செய்யும். "கொழுந்து" என்ற சொல்லில் நமக்கு நான்கு எழுத்து. பைதனில் அதன் நீளத்தைக் கேட்டால் 8 என்று சொல்லும், ஏனென்றால் ஒற்றுப் புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் யூனிகோடில் தனித்தனிக் குறியீட்டெண் உண்டு. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் வைத்தால் 24 பைட். இன்னொன்றும் இருக்கிறது. "கொ"வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டு குறிகளாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், ஆனால் தேடினால் ஒன்று மற்றதோடு பொருந்தாது. பதியும்போதே யூனிகோடின் இயல்பாக்க முறையில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தப் பிரச்சினை தீரும். தமிழ்ப் பெயர் எழுதிப் பழகாத ஒருவருக்கு இதைச் சோதித்துப் பார்க்கவே தோன்றாது. யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய பட்டியல்களை யூனிகோடுக்கு மாற்றும் வேலை தனி. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நம்மிடம் "குடும்பப் பெயர்" என்ற கட்டாயப் பெட்டியை நீட்டும் படிவங்கள் வேறு. இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று பலர் தவிப்பார்கள். உனக்கு அப்பாயியின் மூன்று பெயரும் போதும்: வேறுபட்ட எழுத்துக்கூட்டலில் இருந்தும் ஒரே ஆள் என்று கண்டுபிடிப்பது எப்படி?

சரி, படிப்பு கஷ்டமா? கஷ்டம்தான். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 திறமைப்புள்ளி (கிரெடிட்) வேண்டும், மூன்று வருடப் பட்டத்துக்கு 90. நம் நாட்டுத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைப்புள்ளிக்கு 50 மணி நேரப் படிப்பு, அதாவது வருடத்துக்கு 1500 மணி. விரிவுரை அதில் ஒரு பகுதி மட்டுமே. மிச்சம் நீயாக உட்கார்ந்து படிப்பதும் செய்து பார்ப்பதும்தான். முதல் வருடத்தில் தருக்கம், கணம், புள்ளிவிபரம் என்று கணிதம் வரும், இணைந்த கணிதம் செய்த உனக்கு அதில் பயமில்லை. பயம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழில் படித்துவிட்டுப் போய் உட்காரும் முதல் விரிவுரையில் ஒன்றும் விளங்காதது போல இருக்கும். உனக்கு விஷயம் தெரியும், அதன் ஆங்கிலப் பெயர்தான் தெரியாது. விரிவுரைக்கு முதல் நாளே குறிப்பை வாசித்துவிட்டுப் போ. விடையைச் சின்னச் சின்ன வாக்கியத்தில் எழுது. விளங்காததைக் கேள், கூச்சப்பட்டு மௌனமாக இருந்துவிடாதே.

"கோட்டாவில் வந்தவள்" என்று யாராவது சொன்னால் தலை குனியாதே. அனுமதியில் நூற்றுக்கு 40 நாடளாவிய திறமைக்கு, 55 மாவட்டங்களுக்கு, 5 கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நுவரெலியாவும் பதுளையும் அந்த 16இல் அடக்கம். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான். அதற்கு முன் பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஓர் அறை என்ற அளவில்தான் படிப்பு இருந்தது. அப்படி வசதி குறைந்ததற்கான ஈடுதான் அந்த 5 சதவீதம். அதில் வருவது உன் உரிமை. பகிடிவதைக்கும் அப்படியே, பொறுத்துக்கொண்டு போகாதே. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம்.

செலவுக்கு மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது, கிடைக்காதவர்களுக்கு பர்சரி உதவித்தொகை உண்டு. விண்ணப்பிக்கும்போதே வருமானச் சான்றுகளைச் சரியாக வைத்துக்கொள். மடிக்கணினிக்காகச் சித்தி நகையை அடகு வைக்க வேண்டாம். முதல் வருடம் கெம்பஸ் கணினிக்கூடம் தாராளமாகப் போதும், அதற்குப் பிறகு நானே பார்த்துக்கொள்கிறேன்.

படிவம் நிரப்பும்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை ஒரு வரி விடாமல் வாசி. ஒரே பாடநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குறியீடு. சிலவற்றுக்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சையும் இருக்கும், அந்த அறிவித்தலைத் தவறவிட்டால் இசட் புள்ளி (ஏ.எல். பெறுபேற்றைத் தரப்படுத்திய புள்ளி) எவ்வளவு இருந்தும் பயனில்லை. பேராதனை, பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ, பெலிகுல்ஓயாவில் சப்ரகமுவ என்று கிட்ட இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதே. வவுனியாவையும் பார். எங்கே பாடத்திட்டத்தில் தொழில் பயிற்சியும் செயற்றிட்டமும் கூடுதலாக இருக்கிறதோ அதை மேலே போடு. இடம் கிடைக்காவிட்டால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பிஐடி (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. முதல் வருடத்தோடு டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு உயர் டிப்ளோமா என்று நடுவில் நிறுத்தினாலும் கையில் ஒரு சான்றிதழ் மிஞ்சும்.

நீ போட நினைக்கும் வரிசையை ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு பேருமாக உட்கார்ந்து பார்ப்போம். எங்க அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்