சார் பிரதேசத்தையும் பெட்ரிச்சையும் விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு மலரில் வரும் உலகப் போர்கள் பற்றிய தொடரை முதல் வாரத்திலிருந்தே படித்து வருகிறேன். பதினாறு வயதுப் பிள்ளைகளும் உட்கார்ந்து படிக்கும்படி எழுதுகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் சென்ற வாரம், முதல் உலகப் போருக்குப் பின் அமைதி காக்க உருவான, ஐ.நா.வுக்கு முந்தைய அமைப்பான சர்வதேச சங்கத்தால் (League of Nations) ஒரு போரைக்கூடத் தடுக்க முடியவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது மனதை உறுத்துகிறது. நம் மேடைகளிலும் வகுப்பறைகளிலும் வெகுகாலமாகப் புழங்கும் வரிதான் இது. உண்மை அப்படி இல்லை என்பதற்கு பல்கேரியாவின் பெட்ரிச் நகரமும், ஜெர்மனியின் சார் (Saar) பிரதேசமும் சாட்சி. அதைவிட முக்கியம், பழியைச் சுமக்க வேண்டியவர்களை இந்த வரி தப்பவிட்டுவிடுகிறது.

1925 அக்டோபர் 19 அன்று கிரேக்க-பல்கேரிய எல்லையில், பெலாசிட்சா மலைக் கணவாய் ஒன்றில் காவல் வீரர்களிடையே துப்பாக்கிச் சூடு நடந்தது. கிரேக்க வீரர் ஒருவர் இறந்தார். அப்போது கிரேக்கத்தை ஆண்டுகொண்டிருந்த ஜெனரல் பங்கலோஸ், சில நாட்களிலேயே படையை எல்லை தாண்டி அனுப்பிவிட்டார். பெட்ரிச் நகரம்தான் குறி. பல்கேரியாவின் நிலையைப் பாருங்கள்: முதல் உலகப் போரில் தோற்ற நாடு. 1919-ல் போட்ட நூய்யி ஒப்பந்தப்படி அதன் ராணுவம் 20,000 பேரைத் தாண்டக் கூடாது. எதிர்த்துச் சண்டை போடுவதற்குப் பதிலாக அது ஜெனீவாவில் இருந்த சங்கத்திடம் முறையிட்டது. சங்கத்தின் பொதுச் செயலர் எரிக் டிரம்மண்ட், முக்கிய உறுப்பு நாடுகள் அமர்ந்து முடிவெடுக்கும் கவுன்சிலை உடனே கூட்ட ஏற்பாடு செய்தார். அப்போது கவுன்சில் தலைவராக இருந்த பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பிரியான், கூட்டம் கூடும்வரைகூடக் காத்திருக்கவில்லை. படைகளை நிறுத்துங்கள் என்று இரண்டு அரசுகளுக்கும் தந்தி அடித்தார். பெட்ரிச் மீது தாக்குதல் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது, தாக்க வேண்டாம் என்ற உத்தரவு கிரேக்கத் தளபதிக்குப் போய்ச் சேர்ந்தது.

26-ஆம் தேதி பாரிசில் கவுன்சில் கூடியது. படையைத் திரும்ப அழைத்துவிட்டோம் என்று 24 மணி நேரத்துக்குள் உறுதி சொல்ல வேண்டும், 60 மணி நேரத்துக்குள் கடைசி வீரர் வரை எல்லைக்கு அப்பால் போய்விட வேண்டும் என்று கெடு விதித்தது. பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி நாடுகளின் ராணுவ அதிகாரிகள் நேரில் போய்ப் பார்த்தார்கள். கெடுவுக்குள் படை வெளியேறியது. பிறகு விசாரணைக் குழு போய் வந்தது. அதன் முடிவுப்படி கிரேக்கம் 45,000 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது. இதைப் போர் தடுப்பு என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அப்போது கிரேக்கத்துக்கும் ஒரு ஆதங்கம் இருந்தது, அது நியாயமான ஆதங்கம். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1923 ஆகஸ்டில், அல்பேனிய எல்லையை அளக்கப் போன இத்தாலிய ஜெனரல் டெல்லினி கிரேக்க மண்ணில் கொல்லப்பட்டார். கொன்றது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் முசோலினி கோர்ஃபு தீவின் மீது குண்டு போட்டார். சின்ன ஆசியாவிலிருந்து (இன்றைய துருக்கிப் பகுதி) ஓடிவந்த அகதிகள் அங்கே பழைய கோட்டையில் தங்கியிருந்தார்கள். இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. கிரேக்கம் சங்கத்திடம்தான் போனது. சங்கம் தலையிட்டால் இத்தாலி சங்கத்தை விட்டே வெளியேறிவிடும் என்று முசோலினி மிரட்ட, வழக்கைப் பாரிசில் இருந்த, போரில் வென்ற நாடுகளின் தூதர்கள் மாநாட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் அடி வாங்கிய கிரேக்கமே 5 கோடி லிரா கட்ட வேண்டி வந்தது. 1923-லும் 1925-லும் அதே சங்கம்தான், அதே விதிகள்தான். பெரிய நாடு மிரட்டினால் ஒரு தீர்ப்பு, சின்ன நாடு மீறினால் இன்னொரு தீர்ப்பு. சங்கத்தின் நோய் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்து சார் பிரதேசம். நிலக்கரி வளம் நிறைந்த இந்த ஜெர்மன் பகுதியை, முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மனியோடு போட்ட வெர்சாய் ஒப்பந்தம் 15 ஆண்டுகளுக்குச் சங்கத்தின் நிர்வாகத்தில் வைத்தது, சுரங்கங்களைப் பிரான்சுக்குக் கொடுத்தது. கெடு முடியும்போது, ஜெர்மனியோடு சேர்வதா, பிரான்சோடு சேர்வதா, சங்கத்தின் கீழேயே இருப்பதா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அது முடிந்தது 1935-ல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டாண்டு ஆன பிறகு. நாஜி ஆதரவாளர்களின் மிரட்டல் தெருவுக்குத் தெரு நடந்தது. கலவரம் வெடித்தால் பிரெஞ்சுப் படை உள்ளே வரும், அது போரில் போய் முடியும் என்று ஐரோப்பா முழுக்கப் பயம். உள்ளூர் போலீசை முழுசாக நம்ப முடியாத நிலையில், சாரை நிர்வகித்த சங்கத்தின் ஆட்சிக் குழுத் தலைவர் ஜெஃப்ரி நாக்ஸ் வெளிப் படை கேட்டார். 1934 டிசம்பரில் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. பிரான்சும் வரக் கூடாது, ஜெர்மனியும் வரக் கூடாது, மற்ற நாடுகள் சேர்ந்து வர வேண்டும் என்பது நிபந்தனை. பிரிட்டன் 1,500, இத்தாலி 1,300, சுவீடன் 260, நெதர்லாந்து 250 என்று சுமார் 3,300 வீரர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். இவர்கள் எந்த நாட்டையும் பிடிக்கப் போனவர்கள் இல்லை. மக்கள் பயமில்லாமல் ஓட்டுப் போட வேண்டும் என்பதற்காகப் போனவர்கள். இன்று ஐ.நா. அமைதிப்படை என்று சொல்கிறோமே, அதற்கு நேரான முன்னோடி இதுதான்.

1935 ஜனவரி 13, ஞாயிற்றுக்கிழமை. 1919-ல் ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் சாரில் குடியிருந்தவர்களுக்கே ஓட்டு என்பதால், அமெரிக்காவிலிருந்துகூடக் கப்பலேறி வந்தார்கள். வாக்குச்சாவடிகளை நடத்தியவர்கள் நடுநிலை நாடுகளிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள், எண்ணியவர்களும் அப்படியே. 15-ஆம் தேதி காலையில் முடிவு வந்தது: 90.7 சதவீதம் ஜெர்மனியோடு சேர விரும்பியது. முடிவு நமக்குப் பிடிக்காது, சரி. நாஜிகளை எதிர்த்த பலர் உடனே பிரான்சுக்கு ஓட வேண்டியிருந்தது. யூதர்கள் உள்ளிட்ட குடிமக்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று சங்கம் ஜெர்மனியிடம் வாங்க முடிந்த உறுதிமொழியும் ஒரு வருடத்துக்குத்தான். இதையெல்லாம் மறைக்கக் கூடாது. ஆனாலும் போர் வந்துவிடும் என்று எல்லாரும் நடுங்கிய இடத்தில், போர் இல்லாமல் வாக்கெடுப்பு நடந்தது.

சார் பிரதேசத்துக்கு அமைதி காக்க இத்தாலி 1,300 பேரை அனுப்பிய அதே டிசம்பரில்தான், அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியா) வால் வால் என்ற இடத்தில் இத்தாலியப் படைக்கும் அபிசீனியப் படைக்கும் மோதல் வெடித்தது. 1935 அக்டோபரில் இத்தாலியின் முழுப் படையெடுப்பு. சங்கம் இத்தாலியைக் குற்றவாளி என்று அறிவித்துத் தடையும் விதித்தது. ஆனால் பெட்ரோலியத்துக்குத் தடை போடவில்லை. பிரிட்டன் சூயஸ் கால்வாயை மூடவில்லை. இத்தாலியின் படைக் கப்பல்கள் அந்த வழியாகவே போய் வந்தன. டிசம்பரில் பிரிட்டன், பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர்கள் ஹோரும் லவாலும் அபிசீனியாவைப் பங்கு போட ரகசியமாகத் திட்டம் தீட்டினார்கள். 1936 ஜூன் 30 அன்று அபிசீனியப் பேரரசர் ஹைலே செலாசி ஜெனீவா மேடையில் நின்றபோது, இத்தாலியப் பத்திரிகையாளர்கள் விசில் அடித்து அவரைப் பேசவிடாமல் செய்யப் பார்த்தார்கள். அவர் நின்று பேசி முடித்தார். அடுத்த மாதமே தடை நீக்கப்பட்டது. இந்த முடிவுகளை எடுத்தது லண்டனும் பாரிசும். பெயர் கெட்டதோ ஜெனீவாவுக்கு.

எண்ணெயை நிறுத்தச் சங்கத்திடம் கப்பல்படை கிடையாது, கால்வாயை மூட அதற்கு அதிகாரமும் கிடையாது. உறுப்பு நாடுகள் கொடுத்ததுதான் அதன் பலம். இந்தியாவும் அதில் தொடக்கத்திலிருந்தே உறுப்பினர்தான், ஆனால் நம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தது பிரிட்டிஷ் அரசு. அடிமை நாட்டின் பெயரில் இருந்த அந்த இருக்கையைப் பற்றியும் உங்கள் தொடர் ஒரு நாள் எழுத வேண்டும்.

இன்றைக்கு எந்தப் போர் மூண்டாலும், ஐ.நா. எதற்கு, இழுத்து மூடிவிடலாம் என்று நம் இளைஞர்கள் பேசுவதைக் கேட்கிறேன். முந்தைய சங்கமும் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லி வளர்த்தால் அப்படித்தான் பேசுவார்கள். தொடரை எழுதுபவரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: அடுத்த பகுதிகளில் பெட்ரிச்சுக்கும் சாருக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கட்டும். அபிசீனியாவைப் பற்றி எழுதும்போது, சூயஸ் யார் கையில் இருந்தது என்பதையும் சேர்த்தே எழுதட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்